நம் வீட்டுக் கூழில் ஆப்பிரிக்கா

இராசபாளையத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, அண்மையில் தன் தந்தையுடன் என்னைக் காண வந்தாள். வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வரலாறு பயில அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. முதன்மைப் பாடத்தோடு துணைப்பாடமாக, ஆப்பிரிக்க மக்களின் பண்பாட்டையும், அம்மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு உலகெங்கும் சிதறியோரின் பண்பாட்டையும் கற்க அவள் விரும்பினாள். தந்தைக்கு உடன்பாடில்லை. “நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன ஐயா தொடர்பு? கணினி படித்தாலாவது பிழைப்புக்கு உதவும்” என்றார். உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பவரின் கேள்வி அது. அதற்கு நேர்மையான விடை தர நாம் கடமைப்பட்டுள்ளோம்.

விடையை நெடுந்தொலைவில் தேட வேண்டியதில்லை. திருவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் வரையிலான மானாவாரி நிலங்களில் நம் முன்னோர் விதைத்தவை எவை? சோளம், கம்பு, கேழ்வரகு. இம்மூன்றும் ஆப்பிரிக்க மக்கள் காட்டுப் புல்லிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிராக்கிய தானியங்கள். சோளம் இன்றைய சூடான் பகுதியிலும், கம்பு மேற்கு ஆப்பிரிக்காவின் சகாரா ஓரத்திலும், கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களிலும் முதலில் விளைவிக்கப்பட்டன. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கி அவை கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்தன. தட்டைப்பயறும் அவ்வழியே வந்ததுதான். நம் பாட்டிமார் கரைத்துக் கொடுத்த கம்பங்கூழ், பெயர் தெரியாத ஆப்பிரிக்க உழவர்களின் அறிவுக்கொடை. வறட்சியில் நம்மை வாழ வைத்த அக்கொடைக்கு நாம் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை.

அடுத்து, இராசபாளையத்தின் வாழ்வாகிய பஞ்சை எடுத்துக்கொள்வோம். இவ்வூரில் 1936-இல் நூற்பாலை எழுவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே, பருத்தி இப்பகுதியை உலகச் சந்தையோடு பிணைத்துவிட்டது. அந்நாளில் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பெரும்பங்கு பஞ்சு அமெரிக்காவின் தென்மாநிலங்களிலிருந்து சென்றது. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1861 முதல் 1865 வரை அங்கு உள்நாட்டுப் போர் மூண்டபோது அப்பஞ்சு வரத்து முடங்கியது. இந்தியப் பஞ்சின் விலை ஏறியது. அன்று திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கரிசல் உழவனின் வரவு செலவு, அவன் கண்டிராத அடிமையின் விடுதலைப் போரோடு முடிச்சிடப்பட்டிருந்தது.

அந்த அடிமைகள் யார்? பதினாறாம் நூற்றாண்டு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பலேற்றப்பட்டு அட்லாண்டிக் கடலைக் கடத்தப்பட்டார்கள். அவர்களுள் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடலிலேயே மாண்டார்கள். பிரித்தானியக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1834-இல் சட்டப்படி முடிவுக்கு வந்ததும், கரும்புத் தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். அவர்கள் கண்ணில் பட்டவர்களுள் தமிழரும் இருந்தனர். மொரீசியசிலும் கரீபியத் தீவுகளிலும், முன்னாளில் அடிமைகள் உழைத்த தோட்டங்களிலேயே நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்பு வெட்டினர். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ கப்பல், நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. புலம்பெயர்ந்த தமிழரின் வரலாற்றை எழுத முற்படுவோர், அவர்களுக்கு முன் அம்மண்ணில் கண்ணீர் சிந்தியோரின் வரலாற்றை விட்டுவிட்டு எழுத இயலுமோ?

ஆப்பிரிக்கர் நம் பக்கமும் கொண்டுவரப்பட்டனர். எத்தியோப்பியாவில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டுத் தக்காணம் வந்த மாலிக் அம்பர், அகமதுநகர் அரசின் காவலராக உயர்ந்து, 1626-இல் இறக்கும்வரை முகலாயப் படையை எதிர்த்து நின்றார். குசராத்திலும் கருநாடகத்திலும் சித்தி மக்கள் இன்றும் வாழ்கின்றனர். இலங்கையின் புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில், போர்த்துக்கீசர் முதலானோர் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ‘மாஞ்சா’ என்னும் பாடலையும் ஆடலையும் தம் முன்னோர் சொத்தாகக் காத்து வருகின்றனர். ஆனால் தமிழில் அவர்களுக்கு நாம் வைத்த பெயர் ‘காப்பிரி’. அரபு மொழியில் இறைமறுப்பாளரைக் குறித்த சொல் போர்த்துக்கீசர் வாயிலாக நம்மிடம் வந்து, சுருண்ட முடியையும் கறுத்த மேனியையும் எள்ளும் வசையாயிற்று. வெயிலில் கறுத்த நாமே கறுப்பை இழிவாக எண்ணும் விந்தையை என்னென்பது!

திருச்சபைக்கும் இவ்வரலாற்றில் ஒளியும் உண்டு, நிழலும் உண்டு. இன்றைய அல்சீரியாவில் 354-இல் பிறந்த புனித அகுஸ்தினார் ஆப்பிரிக்க மண்ணின் மைந்தர். ஆயினும், 1452-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் விடுத்த ஆணை மடல், பிற சமயத்தாரை நிரந்தர அடிமைகளாக்கப் போர்த்துக்கல் மன்னருக்கு இசைவளித்தது. 1839-இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்தார். 1992 பிப்ரவரியில் புனித இரண்டாம் அருள் சின்னப்பர், அடிமைகள் கப்பலேற்றப்பட்ட செனகல் நாட்டின் கோரே தீவில் நின்று, கிறிஸ்தவர்கள் இழைத்த அப்பாவத்துக்காக மன்னிப்பு வேண்டினார். செய்த பிழையை அறியாதவன் எங்ஙனம் மன்னிப்புக் கேட்பான்? அறிவதற்குப் படிப்பு வேண்டும்.

அப்படிப்புக்கு நம் நாட்டில் இடமுண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கவியல் துறை 1955-இல் தொடங்கப்பட்டது. மும்பைப் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க ஆய்வு மையம் 1971-இல் எழுந்தது. இருந்தும் அவ்வறிவு பொதுமக்களின் நெஞ்சை எட்டவில்லை. 2016 மே மாதம் தில்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவர் தெருவில் அடித்துக் கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில், தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில், நம்மை நம்பிக் கல்வி கற்க வந்த ஆப்பிரிக்க மாணவர்கள் கூட்டமாகத் தாக்கப்பட்டனர். அறியாமையின் விலையைச் செலுத்தியவர்கள் அவர்கள்.

இவற்றையெல்லாம் அந்தத் தந்தையிடம் எடுத்துரைத்தேன். இத்துணைப்பாடம் உடனே வேலை வாங்கித் தரும் என்று நான் சொல்லவில்லை. அது முதன்மைப் பாடத்தை விரிவாக்கும். பிறரைக் காணும் கண்ணைத் திருத்தும் என்றே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. புறப்படும்போது, “கம்பு அவர்கள் தந்ததா?” என்று மட்டும் கேட்டார். ஆம் என்றேன். “அப்படியானால் கடன்பட்டவர்கள் நாம்” என்றார்.

கடன்பட்டவர்கள் நாம் என்னும் உணர்விலிருந்து அம்மாணவியின் படிப்பு தொடங்கட்டும். நம் மனமாற்றமும் அங்கிருந்தே தொடங்கட்டும்.