ஒரு பல்வலியும் ஒரு வழக்கும்

"எல்லோருக்கும் சமமான சிகிச்சை"ன்னு ஆஸ்பத்திரியில பலகை மாட்டியிருந்தா, எனக்கு ஒரு பல் டாக்டர் ஞாபகம்தான் வரும். பேரு ஜார்ஜ் சிம்கின்ஸ். ஊர், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துல இருக்கிற கிரீன்ஸ்போரோ.

1960களின் தொடக்கம். அவர்கிட்ட ஒரு கறுப்பின நோயாளி வர்றார். பல்லில் தொற்று, நல்ல காய்ச்சல். உடனே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். கறுப்பினத்தவருக்கான ஆஸ்பத்திரியில இடமில்லை. ஊருக்குள்ளேயே இன்னும் ரெண்டு பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கு. வெஸ்லி லாங், கறுப்பினத்தவரைச் சேர்க்கவே சேர்க்காது. மோசஸ் கோன், ஆயிரத்தெட்டு நிபந்தனையோட ஒரு சிலரை மட்டும் சேர்க்கும். கறுப்பின மருத்துவர்களுக்கு அங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது.

இதுல கவனிக்க வேண்டியது, இந்த ரெண்டுமே அரசுப் பணம் வாங்கிக் கட்டடம் கட்டியவை. 1946இல் வந்த ஹில்-பர்ட்டன் சட்டம் ஆஸ்பத்திரி கட்ட நிதி கொடுத்தது. 'தனித்தனியா இருக்கலாம், தரம் சமமா இருந்தா போதும்' என்று அந்தச் சட்டமே இடம் கொடுத்திருந்தது.

சிம்கின்ஸும் மற்ற மருத்துவர்களும் நோயாளிகளும் சேர்ந்து 1962இல் வழக்குப் போட்டார்கள். 'இவை தனியார் ஆஸ்பத்திரிகள்' என்று கீழ்க் கோர்ட் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில், 1963 நவம்பரில், 3-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு மாறியது. அரசுப் பணத்தில் நடக்கிற இடம் இனம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்றார்கள் நீதிபதிகள்.

தீர்ப்பு வந்ததும் எல்லாம் மாறிடுச்சான்னா, இல்லை. 1964இல் குடிமை உரிமைச் சட்டம், பாகுபாடு காட்டினால் மத்திய நிதி கிடையாது என்றது. 1966 ஜூலை 1 அன்று முதியோருக்கான மெடிகேர் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அந்தப் பணம் வேணும்னா பிரிவினையை விடணும். அதுக்கு அப்புறம்தான் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான ஆஸ்பத்திரிகள் வேகமா மாறின. மனசாட்சி பல வருஷமா செய்யாததை நிதி நிபந்தனை சில மாசத்துல செஞ்சுது. இது கேட்க நல்லா இல்லைதான். ஆனா வரலாறு அப்படித்தான் இருக்கு.

மோசஸ் கோன் ஆஸ்பத்திரியின் நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது 2016இல். வழக்குத் தொடுத்தவர்களில் அப்போது உயிரோடு இருந்தவர் டாக்டர் ஆல்வின் பிளவுண்ட் ஒருவர்தான். தொண்ணூறைத் தாண்டிய வயசு. தீர்ப்பு வந்து 53 வருஷம் ஆகியிருந்தது. சிம்கின்ஸ் அதைக் கேட்க இல்லை.

அதனால, அந்த மாதிரிப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் நான் ரெண்டு கேள்வி கேட்டுக்குவேன்: இதை மீறினா என்ன நடக்கும்? அதை யார் சரிபார்க்கிறாங்க? அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.