பளு தூக்குவோரின் தோள்வலி: உரசல் கோட்பாடும் உறங்கும் நிலையும்

ஜிம்முக்குப் போகும் ஒருவர் தோள் வலிக்கிறது என்று சொன்னதுமே இரண்டு அறிவுரைகள் வந்து விழும்: கையைத் தோளுக்கு மேலே தூக்காதே, வலிக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுக்காதே. இரண்டும் ஒரே விளக்கத்திலிருந்து பிறந்தவை. தோள் உச்சியில் கூரைபோல் நிற்கும் அக்ரோமியன் எலும்புக்கும் புய எலும்பின் தலைக்கும் நடுவே உள்ள குறுகிய வெளியில் ரொட்டேட்டர் கஃப் தசைநாண்கள் நசுங்கி, உரசி, தேய்கின்றன என்பது அவ்விளக்கம். அமெரிக்க எலும்பியல் அறுவை மருத்துவர் சார்லஸ் நீர் 1972இல் எழுதிய கட்டுரைதான் அதற்கு நிலையான இடம் பெற்றுத் தந்தது. அக்ரோமியனின் முன்விளிம்பைச் செதுக்கி வழிவிட்டால் வலி தீரும் என்பது அவர் காட்டிய சிகிச்சை. அறிவுரைகள் இரண்டும் ஓரளவு பயன்படுகின்றன. அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம்தான் நிற்கவில்லை. காரணம் மாறினால் அறிவுரையின் அளவும் காலமும் மாறியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உரசல்தான் நோய் என்றால், உரசும் எலும்பை அகற்றியதும் வலி குறைய வேண்டும். பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 நோயாளிகளைக் கொண்டு நடந்த சோதனை இதை நேரடியாகவே பரிசோதித்தது. ஒரு குழுவுக்கு எலும்பு செதுக்கப்பட்டது; இன்னொரு குழுவுக்குத் துளையிட்டு உள்ளே பார்த்ததோடு சரி; மூன்றாவது குழுவுக்குச் சிகிச்சையே இல்லை. 2018இல் லான்செட் இதழில் வந்த முடிவின்படி, செதுக்கியவர்களுக்கும் வெறுமனே பார்த்துவிட்டு மூடியவர்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டு பின்லாந்திலிருந்து வந்த சோதனையும் இதையே சொன்னது. ஸ்கேன் படமும் துணைக்கு வராது. தோள்வலியே இல்லாத 40 முதல் 70 வயது வரையிலான 51 ஆண்களை அல்ட்ராசவுண்டில் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், 96 விழுக்காட்டினரின் தோளில் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. ‘தேய்ந்திருக்கிறது’ என்று அறிக்கை சொன்னதால் மட்டும் வலியின் மூலம் கிடைத்துவிட்டதாகக் கொள்ள முடியாது.

இனி உறக்கம். 2010இல் வெளியான ஓர் ஆய்வு, நலமாக இருந்த 20 பேரின் அக்ரோமியனுக்குக் கீழே அழுத்தத்தை அளந்து, மல்லாந்து படுக்கும்போதுதான் அது குறைவு என்று கண்டது. ஒருக்களித்துப் படுக்காதே என்பதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று இது. ஆனால் அதில் அளக்கப்பட்டது அழுத்தம், வலி அன்று. அழுத்தம் கூடியவர்களும் நலமானவர்களே. டென்மார்க்கில் 83 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு (2012), வலிக்கும் பக்கத்துக்கும் விரும்பிப் படுக்கும் பக்கத்துக்கும் தொடர்பு கண்டது. ஆனால் அது ஒரே தருணத்தில் எடுத்த கணக்கு. படுத்ததால் வலி வந்ததா என்பதற்கு அதில் விடை தேட முடியாது. வாழ்நாள் முழுக்க ஒரே பக்கம் படுத்தும் தோள் நோகாதவர் நம்மிடையே ஏராளம் என்பதையும் மறக்கக் கூடாது.

தசைநாண் பளுவுக்கு ஏற்பத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் திசு. பழகிய அளவைத் திடீரென்று மீறும்போது அது நோகிறது: விடுப்பு முடிந்து திரும்பிய வாரத்திலேயே பழைய எடையைத் தூக்குவது, பெஞ்ச் பிரஸ் செய்த மறுநாளே தலைக்கு மேல் தூக்கும் பயிற்சி. பிறகு இரவும் அந்தச் சுமைக் கணக்கில் சேர்கிறது. தலையணைக்கு அடியில் கையைச் செருகிக் குப்புறப் படுப்பவரைக் கவனியுங்கள். கை தோளுக்கு மேலே உயர்ந்திருக்கிறது. தலைக்கு மேல் எடையைத் தூக்கும்போது தோள் இருக்கும் நிலைக்கு இது வெகு அருகில். ஜிம்மில் அது சில நொடி, படுக்கையில் மணிக்கணக்கு. நலமான தோள் இதைப் பொருட்படுத்தாது. பகலில் சீண்டப்பட்ட தோள்தான் இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடுகிறது. ஆகவே படுக்கும் நிலை வலியை உண்டாக்குவதைவிட, உண்டான வலியை நீடிக்கச் செய்கிறது என்பதே என் முடிவு.

இப்படிப் பார்த்தால் சிகிச்சை எளிதாகிறது. பயிற்சியை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் பிடியைத் தோள் அகலத்தின் ஒன்றரை மடங்குக்குள் வைத்து, மார்பின் மேல் சுருட்டிய துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டால், முழங்கை பெஞ்சின் மட்டத்துக்குக் கீழே ஆழமாக இறங்காது. கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தும் லேட்டரல் ரெய்ஸைத் தோள் உயரத்தோடு நிறுத்தலாம். செய்யும்போது தோன்றும் இலேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் எடை சரி, அடங்காவிட்டால் கூடுதல். இரவில் நல்ல பக்கம் படுத்து, நோகும் கையை ஒரு தலையணையின் மேல் அணைத்துக்கொள்ளலாம். மல்லாந்து படுப்பவர் முழங்கைக்கு அடியில் மடித்த துண்டு வைத்தால் தோள் பின்னால் சரியாது. இவை வலி தணியும்வரைதான். ஒருக்களித்துப் படுப்பதையே ஆயுளுக்கும் தடைசெய்யும் மருத்துவர், இல்லாத ஆபத்தை நோயாளியின் மனத்தில் விதைக்கிறார். 708 பேரைக் கொண்ட பிரிட்டன் சோதனையில் (2021), ஒரே ஒரு முறை இயன்முறை மருத்துவரைச் சந்தித்துப் பெற்ற தெளிவான அறிவுரை, ஆறு அமர்வு வரையிலான மேற்பார்வைப் பயிற்சிக்குச் சளைக்கவில்லை. அறிவுரையின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது போதும்.

எல்லா இரவு வலியையும் பளுவின் தலையில் கட்டிவிடவும் கூடாது. பிறர் பிடித்துத் திருப்பினாலும் கை வெளிப்புறம் திரும்ப மறுத்தால் அது உறைதோளாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடம் அது மிகுதி. காரை எலும்பின் நுனியை விரலால் தொட்டதும் சுளீரென்று வலித்தால், பளு தூக்குவோரிடம் காணப்படும் எலும்பு நுனிச் சிதைவை நினைக்க வேண்டும். எந்த நிலையில் படுத்தாலும் மாறாத வலியோடு காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்தால் பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

தோள்வலியோடு வருபவரின் குறிப்பேட்டில் நம் மருத்துவர்கள் ஸ்கேன் முடிவை எழுதுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதட்டும்: கடந்த ஒரு மாதத்தில் எந்தப் பயிற்சியில் எவ்வளவு எடை கூடியது? எப்படிப் படுக்கும்போது விழிப்பு வருகிறது? காலையில் வலி அடங்க எவ்வளவு நேரமாகிறது?