கர்னல் கொடுத்த கடிகாரம்

உங்கள் நண்பர் ஒருவர் மீது மோசடி கேஸ். ஆயிரம் இரண்டாயிரம் இல்லை, கோடிக் கணக்கில். பேப்பரைத் திறந்தால் அவர் போட்டோதான். நேற்று வரை அவர் வீட்டு விருந்துக்கு முதல் ஆளாகப் போனவர்கள் இன்று அவரைத் தெருவில் பார்த்தால் எதிர்ச் சாரிக்குத் தாவுகிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

மைக்கேல் மேட்ஸ் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார்.

இந்த மேட்ஸ் சாதாரண ஆசாமி இல்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் லெப்டினென்ட் கர்னல். 1974-ல் பட்டாளத்தை விட்டு கன்சர்வேடிவ் கட்சியின் எம்.பி. ஆனவர். 1992-ல் ஜான் மேஜர் அவரை வட அயர்லாந்து விவகாரத்துக்கான இணை அமைச்சராக்கினார். வட அயர்லாந்தில் அப்போது குண்டு வெடிக்காத வாரம் அபூர்வம். பாதுகாப்புதான் மேட்ஸின் இலாகா. அப்படிப்பட்ட சட்டம் ஒழுங்கு மனிதர், கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டுக்குக் காத்திருந்த ஒருவருக்கு வாட்ச் பரிசளிக்கிறார். அதில் ஒரு வாசகம் வேறு பொறித்துக் கொடுக்கிறார். நம் பாஷையில் சொன்னால், 'அந்தப் படுபாவிங்களுக்கெல்லாம் அசந்துடாதே!'

அந்தப் படுபாவிகள் யார்? பிரிட்டனில் பெரிய நிதி மோசடிகளை விசாரிக்கும் அரசு அமைப்பான சீரியஸ் ஃப்ராட் ஆபீஸ். வாட்ச்சைக் கட்டிக்கொண்டவர் ஆசில் நாதிர்.

நாதிர் சைப்ரஸ் தீவில் பிறந்த துருக்கிய வம்சத்துக்காரர். 1980-ல் லண்டனில் பாலி பெக் என்ற நொடித்துப்போன ஜவுளி கம்பெனியை வாங்கினார். சைப்ரஸ் ஆரஞ்சு, அதை அடைக்க அட்டைப்பெட்டி என்று ஆரம்பித்தார். சில பென்ஸுக்குக் கிடைத்த பங்கு மூன்று வருடத்தில் 35 பவுண்டைத் தொட்டது. 1989-ல் டெல் மாண்ட்டியின் பழ வியாபாரம் அவர் கையில். அதே வருடம் ஜப்பானின் சான்சுயி கம்பெனியும். ஆமாம், நம் ஊர் ஆடியோ பிரியர்கள் பெயரைக் கேட்டாலே கண் சொக்குவார்களே, அதே சான்சுயி.

நான் பி.காம். படித்தவன், இங்கே ஒரு பத்தி மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். துருக்கி லிரா அப்போது வெயிலில் வைத்த ஐஸ்கட்டி. மதிப்பு கரைந்துகொண்டே போகும், அதனால் டெபாசிட்டுக்கு வட்டி எக்கச்சக்கம். பாலி பெக் வட்டி குறைந்த கரன்ஸியில் கடன் வாங்கி லிராவில் போட்டு வைக்கும். வந்த வட்டி, லாப நஷ்டக் கணக்கில் வருமானம். லிரா கரைந்ததால் அசலில் விழுந்த ஓட்டை? அது பேலன்ஸ் ஷீட்டில் ரிசர்வ் பக்கம் போய் ஓசைப்படாமல் உட்கார்ந்துகொள்ளும். அன்றைய பிரிட்டிஷ் கணக்கு விதிகளின்படி இது குற்றமே இல்லை. லாபத்தை மட்டும் பார்த்துப் பங்கு வாங்கியவர்கள் அந்த ரிசர்வ் பக்கத்தைப் புரட்டவில்லை, அவ்வளவுதான்.

1990 செப்டம்பரில் நாதிரின் குடும்பத்தோடு தொடர்புடைய ஓர் அலுவலகத்தில் ரெய்டு. அடுத்த நாள் பங்கு 108 பென்ஸில் வந்து நிற்க, வர்த்தகமே நிறுத்தப்பட்டது. சாம்ராஜ்யம் சரிந்தது. ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டு வைத்திருந்த சின்ன முதலீட்டாளர்களின் பணமும் அதோடு போச்சு. கம்பெனிப் பணத்தைத் திருடி வெளியே கடத்தினார் என்று நாதிர் மீது வழக்கு. ஜாமீன் 35 லட்சம் பவுண்டு.

மேட்ஸ் கொடுத்தது வாட்ச் மட்டும் இல்லை. வழக்கை நடத்துகிற விதம் சரியில்லை என்று அட்டர்னி ஜெனரலுக்குக் கடிதங்கள் எழுதினார். இதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். 1992-ல், நீதிபதிக்கே லஞ்சம் கொடுக்க நாதிர் சதி செய்கிறார் என்றொரு புகார் அந்த நீதிபதியின் காதுக்கே போனது. லண்டன் போலீஸின் உச்சத்தில் இருந்த ஓர் அதிகாரியின் பெயரும் அதில் அடிபட்டது. கடைசியில் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. இந்த நிலையில் எந்தக் குற்றவாளியும் 'எனக்கு நியாயம் கிடைக்குமா?' என்று கேட்கத்தான் செய்வான்.

ஆனால் நாதிர் கேட்டுவிட்டு நிற்கவில்லை. 1993 மே 4. இங்கிலாந்தின் தென்கோடியில் புல்வெளி மாதிரி ஒரு குட்டி விமானதளம். அங்கிருந்து சின்ன விமானத்தில் பிரான்ஸ், பிறகு வட சைப்ரஸ். துருக்கியைத் தவிர யாரும் நாடாக அங்கீகரிக்காத இடம். பிரிட்டனோடு குற்றவாளிகளை ஒப்படைக்கும் ஒப்பந்தமும் கிடையாது.

தப்பியவர் போய்விட்டார், நம்பியவர்கள் மாட்டினார்கள். ரமதான் குனே என்பவர் பத்து லட்சம் பவுண்டுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். இங்கிலாந்தின் மிகப் பெரிய கல்லறைத் தோட்டங்களில் ஒன்றின் சொந்தக்காரர் அவர் (இப்படியும் ஒரு பிசினஸ்!). ஆறரை லட்சம் கட்டு என்றது கோர்ட். மேல்முறையீட்டில் பிழைத்தார். குற்றச்சாட்டை வாசித்து நாதிரிடம் பதில் கேட்ட நிமிடமே ஜாமீன்தாரரின் பொறுப்பு முடிந்துவிட்டது என்று 1996-ல் பிரபுக்கள் சபையும் சொல்லிவிட்டது.

மேட்ஸுக்கு அப்படி எந்தச் சட்டப் பிரிவும் கைகொடுக்கவில்லை. வாட்ச் விஷயம் பத்திரிகைகளுக்குக் கசிந்தது. தப்புக் கணக்குதான், ஆனால் தூக்கில் போடுகிற குற்றமில்லை என்றார் பிரதமர் மேஜர். அவர் கட்சியே நாதிரிடம் 4,40,000 பவுண்டு நன்கொடை வாங்கியிருந்ததும் அந்த வருடம்தான் அம்பலமாகி சந்தி சிரித்தது. ஜூன் 24-ல் மேட்ஸ் ராஜினாமா.

ஐந்து நாள் கழித்து பாராளுமன்றத்தில் விளக்கம் சொல்ல எழுந்தார். வழக்கு கோர்ட்டில் இருக்கிறது, உட்காருங்கள் என்று சபாநாயகர் பெட்டி பூத்ராய்ட் திரும்பத் திரும்பக் குறுக்கிட்டார். கர்னல் நிறுத்தவில்லை. விசாரணை அமைப்பின் மீது குற்றச்சாட்டுகளை அடுக்கிக்கொண்டே போனார். கேட்க வேண்டிய கேள்விகள் அதில் இருந்தன. ஆனால் சபையில் இருந்தவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது அந்த வாட்ச்.

என்னைக் கேட்டால், மேட்ஸ் கடிதத்தோடு நின்றிருக்க வேண்டும். 'இவன் திருடனோ இல்லையோ, விசாரணை ஒழுங்காக நடக்கட்டும்' என்பது ஒரு மந்திரி கேட்கக்கூடிய கேள்வி. 'அசந்துடாதே' என்பது கட்சி கட்டுவது. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்ததும், முதலாவதை யாரும் சீந்தவில்லை. விசாரணை சரியில்லை என்று கோர்ட்டில் சொல்லியிருக்க வேண்டியவரோ சைப்ரஸில் இருந்தார்.

பதினேழு வருடம். 2010 ஆகஸ்டில் தானாகவே லண்டன் திரும்பினார் நாதிர், பெயரைத் துடைத்துக்கொள்ள. எடுத்த பணத்துக்கு ஈடாக என் அம்மா சைப்ரஸில் ரொக்கம் கட்டியிருக்கிறார் என்பது அவருடைய வாதம். ஜூரி நம்பவில்லை. 2012 ஆகஸ்டில் பத்து திருட்டுக் குற்றங்கள் உறுதியாகின. சுமார் 2.9 கோடி பவுண்டு. பத்து வருடச் சிறை. 2016-ல் துருக்கி சிறைக்கு மாற்றினார்கள், மறுநாளே விடுதலை.

தீர்ப்பு வந்து மூன்று மாதம் ஆகியிருக்கும். 2012 நவம்பரில் இங்கிலாந்தில் முதல் முறையாக ஒரு தேர்தல். ஒவ்வொரு வட்டாரத்து போலீஸையும் மேற்பார்வை செய்ய, மக்களே ஓட்டுப் போட்டு ஒரு கமிஷனரைத் தேர்ந்தெடுப்பது. ஹாம்ப்ஷயரில் கன்சர்வேடிவ் வேட்பாளர் யார் தெரியுமா?

நம் கர்னல்தான். எதிர்த்து நின்ற ஒரு சுயேச்சையிடம் தோற்றார்.