உதிரி பாகமும் எண் கணக்கும்: ஒரு ஐம்பது வருஷக் கதை

விசேஷ வீட்டில் "பையன் என்ன பண்றான்?" என்று கேட்டு, "கார் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் பிசினஸ் இன்டெலிஜென்ஸ் எக்ஸிக்யூட்டிவ்" என்று பதில் வந்தால், கேட்ட பெரியவர்கள் பலர் விழிப்பார்கள். ஏதோ உளவு வேலை என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் இது கணக்கு வேலை.

எங்கள் இடப்பள்ளியில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சந்திக்கின்றன. அங்கே ஒரு லாரி பிரேக் வால்வு பழுதாகி நின்றுவிட்டால், மாற்று வால்வு கொச்சிக் கடையிலேயே கிடைக்குமா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா? எந்தப் பாகம், எந்த ஊரில், எந்த மாதம், எத்தனை தேவைப்படும் என்று பழைய விற்பனைக் கணக்கைப் படித்து முன்கூட்டிச் சொல்வதும், பழுதாகித் திரும்பி வந்த பாகங்களைப் பார்த்துக் காரணம் தேடுவதும்தான் இந்த உத்தியோகம்.

பெயர்கூடப் பழையதே. 1865ல் வெளியான ஓர் அமெரிக்க நூலிலேயே அது வந்துவிட்டது. 1958ல் ஐ.பி.எம். கம்பெனியின் ஹான்ஸ் பீட்டர் லூன் இதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி, இன்றைய பொருளுக்கு அடிகோலினார்.

ஆனால் எண்களைக் கொண்டு தொழிலை நடத்தும் கலை இதற்கும் முந்தியது. 1924ல் அமெரிக்காவில் வால்டர் ஷூவார்ட் ஓர் எளிய வரைபடத்தை உருவாக்கினார. இயந்திரத்திலிருந்து வரும் பாகங்களில் சிலவற்றை அவ்வப்போது அளந்து, சராசரியைப் புள்ளியாக வைக்க வேண்டும். மேலும் கீழும் இரண்டு எல்லைக் கோடுகள். புள்ளி கோட்டைத் தாண்டினால் இயந்திரத்தை நிறுத்திக் காரணம் தேடு. உள்ளேயே இருந்தால் வீணாகக் கை வைக்காதே. அவ்வளவுதான்.

மகாலனோபிஸ் 1931ல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பின் பேரில், ஷூவார்ட் 1947-48லேயே இந்தியா வந்து இதைப் பற்றிப் பேசினார். எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானியத் தொழிலதிபர்களுக்குப் புகழ்பெற்ற பாடம் நடத்தியது 1950ல். அதாவது, விதை இங்கே முன்பே விழுந்துவிட்டது. பயிர் விளைந்தது அங்கே!

ஏன் அப்படி? நம்மவர்களுக்குக் கணக்கு வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொழில் திறமைக்கும் குறைவில்லை. திருக்குறுங்குடியில் 1877ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் ஓட்டத் தொடங்கி வளர்த்த நிறுவனத்திலிருந்து, 1960களில் சென்னைப் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன் என்று ஆலைகள் வரிசையாக எழுந்தன. குறை வேறிடத்தில். லைசென்ஸ் காலத்தில் ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தோம். செய்ததெல்லாம் விற்றுப்போகும்போது, புள்ளி கோட்டைத் தாண்டினால் என்ன, தாண்டாவிட்டால் என்ன?

1991ல் கதவு திறந்தபின் நிலைமை மாறியது. சுரேஷ் கிருஷ்ணாவின் தலைமையில் சுந்தரம் ஃபாஸனர்ஸ், ஜெனரல் மோட்டார்ஸின் இங்கிலாந்து ஆலையிலிருந்த ரேடியேட்டர் மூடி இயந்திரங்களை 1992ல் வாங்கிக் கொண்டுவந்து, அந்த மூடிகளை ஜெனரல் மோட்டார்ஸுக்கே விற்கத் தொடங்கியது. ஒரு காலத்தில் அதே கம்பெனியின் வண்டிகளை இங்கே விற்றுக்கொடுத்த குழுமம் இது! வேணு சீனிவாசனின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு 1998ல் டெமிங் பரிசு பெற்றது. இந்தியாவில் அதுவே முதல். பின்னர் டி.வி.எஸ். மோட்டார் 2002லும், ரானே பிரேக் லைனிங்ஸ் 2003லும், லூகாஸ் டி.வி.எஸ். 2004லும் பெற்றன. அந்த பிரேக் தொழில் கைமாறி, இன்று ஜெர்மனியின் இசட்.எஃப். குழுமத்தில் இருக்கிறது.

1948லிருந்து 1998 வரை ஐம்பது வருஷம். எண்கள் தெரியாமல் போன காலமல்ல அது; எண் சொன்னதைக் கேட்டே தீர வேண்டிய கட்டாயம் இல்லாத காலம்.

பரிசு பெற்ற ஆலைகளின் பெருமையை முதலாளிகளின் பெயரோடு நிறுத்திவிடுவதும் நியாயமல்ல. இம்முறையில் வரைபடத்தில் புள்ளி வைத்தது இயந்திரத்தருகே நின்ற தொழிலாளி. பல ஊர், பல சமூகத்தவர். பெரும்பாலான குறைகளுக்குக் காரணம் தொழிலாளி அல்ல, வேலை அமைந்திருக்கும் முறைதான். அதற்குப் பொறுப்பு நிர்வாகமே என்பது டெமிங்கின் உறுதியான கருத்து. எண்ணைக் காட்டித் தண்டித்தால், அடுத்த மாதம் எண் நன்றாக இருக்கும், பாகம் இருக்காது.

பல நகரங்களில் இந்த வேலையிலிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதில் பாடம் உண்டு. இன்று கூட்டிக் கழிப்பதைக் கம்ப்யூட்டர் நொடியில் செய்துவிடும். ஆனால் கெட்ட செய்தி சொல்லும் எண்ணை மேலதிகாரி முன் மறைக்காமல் வைக்கவும், அதை ஆலைக்குள் போய் இயந்திரத்தருகே நிற்பவரிடம் கேட்டுச் சரிபார்க்கவும் மனிதர்தான் வேண்டும். பிரேக் வால்வை நம்பி ஒரு குடும்பம் மலைப்பாதையில் இறங்குகிறது. அதை மனதில் வைத்துக் கணக்குப் போடும் வேலை எந்த வகையிலும் சின்ன வேலை அல்ல.