ஆகாயமும் நம் வாலிபரும்

பொழுதுபோக்காக விமானம் ஓட்டக் கற்பதில் இக்கால வாலிபருக்கு நாட்டமில்லை என்பது பறப்புச் சங்கங்களின் மூத்த அங்கத்தினர் பலரும் சொல்லிவரும் குறை. இது வீண் பேச்சன்று. அமெரிக்காவில் 1980இல் தனியார் விமானி உரிமம் பெற்றிருந்தோர் ஏறத்தாழ 3,57,000 பேர்; 2020களின் தொடக்கத்தில் அத்தொகை 1,60,000 அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனால் இதே குறையைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ் வாலிபர்மீதும் சுமத்துவோர் சற்றே சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தல் நலம். இருந்த ஆசை குறைவது வேறு; ஆசைப்படவே இடமில்லாதிருந்தது வேறு.

இங்கிலாந்தில் டி ஹாவிலண்ட் கம்பெனியார் செய்த மாத் என்னும் சிறு விமானம் 1925 பிப்ரவரியில் முதன்முதல் பறந்தது. அவ்வாண்டே பிரிட்டிஷ் சர்க்கார் பறப்புச் சங்கங்களுக்குப் பொருளுதவி செய்யத் தொடங்கினர். விளையாட்டின்மீதுள்ள கருணை மட்டும் அதற்குக் காரணமன்று. யுத்தம் மூண்டால் விமானிகள் வேண்டுமே என்ற முன்யோசனையும் அதிலிருந்தது. இச்சங்க முறை விரைவில் கீழ்த்திசைக்கும் பரவிற்று. சிங்கப்பூரில் 1928இலும், சென்னையில் 1930இலும் சங்கங்கள் தோன்றின. கோலாலம்பூரிலும் அக்காலத்திலேயே ஒன்று ஏற்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுத்தபோது, மலாயாச் சங்கங்களின் சிறு விமானங்களே தொண்டர் விமானப் படையில் சேர்ந்து, வேவு பார்க்கவும் செய்தி சுமக்கவும் பறந்தன. சர்க்காரின் முன்யோசனை பலித்தது என்றே சொல்லவேண்டும்.

அவ்விமானங்களுக்குக் கீழே, ரப்பர்க் காட்டில், நம்மவர் நிலை என்ன? அதே 1941இல், மார்ச்சு முதல் மே வரை, கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய அவ்வியக்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்றை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். துரையோ தோட்டத்து உத்தியோகஸ்தரோ எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு ஒழியவேண்டும் என்பதே அது. உத்தியோகஸ்தர் என்றால் கிராணிமாரும் சேர்த்தியே. கிராணி வேலை பார்க்கும் நான் அதை மூடி மறைப்பதற்கில்லை. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். சைக்கிளில் அமர்ந்து செல்லும் உரிமைக்கே உயிர் கொடுக்கவேண்டியிருந்த சமூகத்தைப் பார்த்து, நீ ஏன் விமானத்தின்மீது ஆசை கொள்ளவில்லை என்று கேட்பது எந்த நியாயம்?

நம்மிடத்தும் குற்றம் உண்டு. இராவணனிடம் புஷ்பக விமானம் இருந்தது, ஆகவே ஆகாய விமானம் கண்டவர் நம் முன்னோரே என்று மேடையில் முழங்குவோருக்கு நம்மில் என்றும் பஞ்சமில்லை. அதன் எஞ்சின் யாது, எண்ணெய் யாது என்று கேட்டால்தான் மௌனம்! 1910இல் சென்னையில் ஹோட்டல் நடத்திவந்த டி ஏஞ்சலிஸ் என்ற கார்சிக்கத் தீவினர், தாமே திட்டமிட்டுச் சிம்சன் கம்பெனியாரைக்கொண்டு செய்வித்த விமானத்தில் ஏறிப் பறந்தார். அவருக்கு உதவியது புராணமன்று, பட்டறை.

சுதந்திரத்திற்குப்பின் கதவு திறந்தது. 1958 ஜூன் 2ஆம் தேதி மலாயாவின் விமானப் படை பிறந்தது. காலப்போக்கில் நம் பிள்ளைகளும் விமானிகளாகவும் எஞ்சினியர்களாகவும் வந்தனர். ஆயினும் அது உத்தியோகம், விளையாட்டன்று. இதற்கிடையே திடல்தான் நம்மைவிட்டு விலகிக்கொண்டே போயிற்று. கோலாலம்பூரின் பிரயாண விமானங்கள் 1965இல் சுங்கை பீசியிலிருந்து சுபாங்குக்கும், 1998இல் நகரத்திலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிப்பாங்குக்கும் போயின. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புக்குச் சில மைல் தூரத்திலிருந்த சுங்கை பீசியில் விமானப் படையும் பறப்புச் சங்கத்தின் சிறு விமானங்களும் நெடுங்காலம் எஞ்சி நின்றன. 2018இல் விமானப் படை அத்தளத்தைக் காலி செய்தது. 486 ஏக்கர் நிலம். அங்கே மாடமாளிகை கட்டலாம் என்பது திட்டம். வேலிக்கு வெளியே நின்று, விமானம் ஏறுவதையும் இறங்குவதையும் அண்ணாந்து பார்க்கும் பையனுக்கல்லவா ஆசை முளைக்கும்? அந்த வேலியே போய்விட்டது. 2001க்குப்பின் மலிவுக் கட்டண விமானங்கள் வந்து, பறப்பது பஸ் ஏறுவதைப் போல் ஆகிவிட்டதால், அதிலிருந்த அதிசயமும் தேய்ந்தது.

மிஞ்சியது பணம். தனியார் உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரமேனும் பறந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. சிறு விமானத்திற்கு மணிக்குப் பல நூறு ரிங்கிட் வாடகை. 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளமோ 1,700 ரிங்கிட். ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளமே இதில் கரைந்துவிடும். தோட்டத்து வாலிபனால் இது இயலாது, ஒப்புக்கொள்கிறேன். பட்டணத்தில் மண்டபம் எடுத்து, மேளம், பந்தி, வீடியோ என்று ஒரே நாளில் இதைவிடப் பெருந்தொகையைக் கரைத்துவிட்டு, ஐந்தாண்டு கடன் அடைக்கும் பெற்றோருக்கு இச்சமாதானம் செல்லாது. அவர்கள் பொன்னெழுத்தில் அச்சிடும் அழைப்பிதழ்ச் செலவிலேயே பையன் ஒரு மணி நேரமாவது பறந்துவிட்டு வரலாம்.