சந்தேகப்பட்டவரின் மலை... பரங்கிமலைக்கு ஒரு விசிட்!

மனசு நிறைய கேள்விகளோட சர்ச்சுக்குப் போகலாமா? பரங்கிமலைக்குத் தாராளமா போகலாம். ஏன்னா, சென்னையில் இருக்கும் அந்த மலைக்குப் பெயர் தந்தவரே கேள்வி கேட்டவர்தான்!

இயேசு உயிர்த்தெழுந்துவிட்டார் என்று மற்ற சீடர்கள் சொன்னபோது, காயங்களைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னவர் தோமா. எட்டு நாள் கழித்து அவர் முன் வந்து நின்ற இயேசு, அவரை விரட்டவில்லை. தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதே தோமா பிறகு கடல் கடந்து இந்தியா வந்து, கி.பி. 72-ல் இந்த மலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பது காலங்காலமாக இருந்துவரும் நம்பிக்கை. அவர் கல்லறை இருப்பது சாந்தோம் பேராலயத்தில்.

மேலே என்ன இருக்கு?

சுமார் 300 அடி உயர மலை. நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். வழியெங்கும் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் 14 சிலுவைப்பாதை நிலைகள். உச்சியில் போர்ச்சுக்கீசியர் 1523-ல் கட்டிய சின்ன ஆலயம். 1547-ல் இங்கே தோண்டியபோது கிடைத்த கற்சிலுவைதான் பீடத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி, பழைய பாரசீக மொழியான பஹ்லவியில் எழுத்துகள். 1558-ல் தொடங்கி இந்தச் சிலுவையில் ரத்தம் கசிந்ததாகவும் சொல்கிறார்கள். 1986-ல் போப் இரண்டாம் ஜான் பாலும் இங்கு வந்திருக்கிறார்.

நான் போனது, அப்பா இறந்து ஒரு வருஷம் ஆன பிறகு. அந்த ஒரு வருஷமும் நான் ஜெபம் பண்ணலை. அவருக்காக அவ்வளவு கேட்டும் கிடைக்கலையேங்கிற கோபம். சிலுவைக்கு முன்னால உட்கார்ந்தும் கண் மூடத் தோணலை. 'ஏன்?'னு மட்டும் கேட்டேன். பதில் வரலை. ஆனா, கேட்டதும் ஒருவகை ஜெபம்தான்னு இறங்கும்போது தோணுச்சு. நம்பிக்கை போயிருந்தா, யார்கிட்ட கோபப்பட்டிருப்பேன்?

போறவங்க கவனத்துக்கு...

* பரங்கிமலைக்கு மின்சார ரயில், மெட்ரோ ரெண்டும் உண்டு. ஸ்டேஷனில் இருந்து ஆட்டோவில் போய்விடலாம்.

* படி ஏற முடியாத பெரியவர்களை வண்டியில் அழைத்துப்போக, மேலே வரை ரோடு இருக்கிறது.

* மாலையில் போனால் வெயில் தெரியாது. விமான நிலைய ஓடுபாதை வரை பார்க்கலாம்.

* ஜூலை 3, தோமையார் திருநாள். அன்று கூட்டம் இருக்கும். தனியாக உட்கார நினைப்பவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

* உள்ளே போனதும் போனை சைலன்ட்டில் போட்டுடுங்க. செல்ஃபியை வெளியே வந்து எடுத்துக்கலாம்!