கைமாறும் நேரம்

போன வாரம், முதல் ஏ.எஸ்.எல்.வி. ராக்கெட்டைக் கடலில் விட்டுவிட்டு வந்தோம். 1987 மார்ச் 24 அன்று பக்கவாட்டுத் துணை மோட்டார்கள் இரண்டும் எரிந்து முடிந்தன. நடுமோட்டார் பற்றவே இல்லை.

1988 ஜூலை 13. மறுபடியும் ஸ்ரீஹரிகோட்டா. பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் தீவு அது. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்பது இந்தக் கரைக் குப்பங்களுக்குப் பழகிப்போன உத்தரவு. 150 கிலோ செயற்கைக்கோளைச் சுமந்து கிளம்பிய இரண்டாவது ஏ.எஸ்.எல்.வி., ஒரு நிமிடத்துக்குள் வானிலேயே உடைந்தது.

இந்தத் தடவை என்ன ஆயிற்று?

முகத்துவாரத்தில் படகு விட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். பாயை இறக்கிவிட்டுக் கழியை எடுக்கிறோம். கழி தரை தட்டுவதற்குள் நீரோட்டம் பிடித்துக்கொண்டால் படகு குறுக்கே திரும்பிவிடும்.

ராக்கெட்டிலும் அப்படி ஒரு கைமாற்றம் உண்டு. எரிபொருள் கரையக் கரைய எடை குறைகிறது, உந்துவிசை மாறுகிறது, காற்றின் அடியும் மாறுகிறது. ஒரே கட்டுப்பாட்டுக் கணக்கு கடைசிவரை செல்லாது. கட்டத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஏ.எஸ்.எல்.வி.க்கோ மூக்கு கொஞ்சம் சாய்ந்தால் காற்று இன்னும் சாய்க்கும். பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய பிள்ளை.

துணை மோட்டார்கள் கணித்த நேரத்துக்குச் சற்று முன்பே அடங்கிவிட்டன. நடுமோட்டாரைப் பற்றவைக்கும் பொறுப்போ கடிகாரத்திடம் இருந்தது. அது தன் முறை வரும்வரை காத்திருந்தது. இடைப்பட்ட கணத்தில் ராக்கெட்டைப் பிடிக்க ஆளில்லை. காற்றின் அடி உச்சத்தில் இருந்த நேரமும் அதுவே.

பேராசிரியர் ரொத்தம் நரசிம்மா தலைமையில் நிபுணர் குழு உட்கார்ந்து அலசியது. வாலில் துடுப்பு இறக்கைகள் வந்தன. பாதையைத் திருத்திக் காற்றின் அடியைக் குறைத்தார்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது மாற்றம்: கடிகாரத்திடமிருந்து பொறுப்பைப் பறித்துவிட்டார்கள். துணை மோட்டாரின் விசை தணிவதை ராக்கெட்டே உணர்ந்து நடுமோட்டாரைப் பற்றவைக்க வேண்டும். கேட்க எளிது. ஆனால் அந்த உணர்வு தப்பாகப் போனால்?

1992 மே 20. மூன்றாவது ஏ.எஸ்.எல்.வி. எழுந்துவிட்டது. நடுமோட்டாரைப் பற்றவைக்கக் கட்டுப்பாட்டு அறையில் யாரும் தொடுவதற்கு ஒரு பொத்தானும் இல்லை. துணை மோட்டார்களின் விசை தணியத் தொடங்கியது...

(அடுத்த வாரம்)